கேப்டனுக்குக் கொடுத்த வாய்

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்தால், நாலு பேராவது ஜெயசீலியை நிறுத்தி, "இன்னைக்கு வாசகம் நல்லா இருந்திச்சு" என்று சொல்லாமல் போகமாட்டார்கள். பல வருஷமாக அப்படித்தான். தாராவியின் அந்தக் கோயிலில் மைக் முன்னால் நின்று வாசிக்க ஆசைப்பட்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் மூச்சு வாங்காமல், எழுத்தை விழுங்காமல், கடைசி வரிசையில் தூங்குகிறவனும் விழித்துக்கொள்ளும்படி வாசிக்க ஜெயசீலியை விட்டால் ஆளில்லை. அந்த நாலு பேரின் பாராட்டுதான் அவளுக்கு வாரச் சம்பளம்.

இந்த வருஷம் அந்தச் சம்பளம் நின்றுபோனது. பூசை முடிந்ததும் சனம் அவளைத் தாண்டிக்கொண்டு ஓடியது.

"வழி விடுங்கப்பா, கேப்டன் வாராவ!"

துப்பட்டாவைத் தலையிலிருந்து இறக்கியபடி ஷைனி சிரித்துக்கொண்டே வந்தாள். ஜெயசீலியின் கொழுந்தன் ரெனால்டின் மனைவி. பூசையில் நற்கருணை வாங்கப் போகும்போதுகூடப் பெண்பிள்ளைகள் இப்போதெல்லாம் அவளுக்குப் பக்கத்தில் நிற்பதற்காக வரிசை மாறினார்கள்.

"அக்கா, அந்த டயலாக் ஒரு வாட்டி, ப்ளீஸ்!"

ஷைனி கொஞ்சம் வெட்கப்பட்டாள். பிறகு முதுகை நிமிர்த்தினாள். "எல்லாக் கதவையும் மூடு. இது உத்தரவு." சத்தம் போடவில்லை; தாழ்த்தித்தான் சொன்னாள். அதற்கே கைத்தட்டல். கும்பலில் ஜெயசீலி பெற்ற மகன் ஏஞ்சலோவும் நின்று விசிலடித்தான். ஜெயசீலிக்கு நெஞ்சுக்குக் கீழே பச்சை மிளகாயை நசுக்கி வைத்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அந்த 'உத்தரவு' அவளுடையது. குரலைத் தாழ்த்தினால்தான் உத்தரவு, ஏற்றினால் அது கெஞ்சல் என்று சொல்லிக்கொடுத்தது அவள்.

கதை இதுதான். ஷைனி உல்லாஸ்நகரில் பிறந்து, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து, வாஷியில் ஒரு கால் சென்டரில் தமிழ் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள். ரெனால்டும் அவளும் இரும்பு ஏணி வைத்த மேல் அறையில் இருந்தார்கள். கீழறையில் ஜெயசீலி, அவள் புருஷன் அமிர்தநாதன், ஏஞ்சலோ. கூட வேலை பார்த்த யாரோ சொல்லி, செம்பூரில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவுக்குப் போனாள் ஷைனி. 'நெடுவழிக் கப்பல்' என்று ஒரு வெளிநாட்டு விண்வெளித் தொடர். அதைத் தமிழில் பேசவைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் ஒரு பெண். ஷைனியின் கனத்த குரல் அந்த முகத்துக்குப் பொருந்திப்போனது.

பொருந்தாதது ஒன்றுதான். ஷைனிக்குத் தமிழ் வாசிக்க வராது. வசனக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஏணியிறங்கி வந்தாள். "அக்கா, நீங்க வாசிங்க. நான் ஹிந்தி லெட்டர்ல எழுதிக்கிடுதேன்."

ஜெயசீலி வாசித்தாள். தோல் பைகளுக்கு உள்துணி தைக்கிற மிஷினை நிறுத்திவிட்டு வாசித்தாள். முதலில் அவளுக்கு எரிச்சல்தான். "என்னட்டி இது, இல்லாத ஊருக்கு வானத்துல வழி தேடுதாவ? வேற சோலி இல்லையா இவனுவளுக்கு?" என்றாள். ஆனால் பக்கம் புரளப் புரள அந்தக் கப்பல் அவளைப் பிடித்துக்கொண்டது. கிளம்பின ஊரைப் பார்த்தவர்கள் எல்லாரும் செத்துப்போய்விட்டார்கள்; போய்ச் சேரும் ஊரைப் பார்க்கப்போகிறவர்கள் இன்னும் பிறக்கவில்லை. நடுவில் பிறந்து, நடுவிலேயே சமைத்து, சண்டைபோட்டு, கல்யாணம் கட்டிச் சாகிற சனங்களின் கதை அது. அவளுடைய கீழறையைப் போலவே, தட்டுப்பலகையை மடக்கினால் மேசை, விரித்தால் படுக்கை. ஜெயசீலிக்கு அந்தக் கப்பலில் எது எங்கே இருக்கும் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பிறகு அவள் வாசிக்க மட்டும் செய்யவில்லை. "இப்பிடிக் கெஞ்சாத. தண்ணி வரிசையில ஊடால புகுந்தவனை நான் என்ன செய்வேன்? கத்தமாட்டேன். 'தம்பி, பின்னால போ'ன்னு பைய சொல்லுவேன். அவன் போயிருவான். அந்த மாரிச் சொல்லு." ஷைனி அந்த மாதிரியே சொன்னாள். செம்பூரில் போய்ச் சொன்னாள். போனில் தொடர் வந்தது, தெருவெல்லாம் கேட்டது, ஷைனி கேப்டன் ஆனாள்.

ஜெயசீலி கீழறையில் உள்துணி தைத்தாள்.

ஷைனி ஏணியில் ஏறும்போது கால் வைக்கிற சத்தம்கூட இப்போது திமிராகக் கேட்டது. அவள் தேநீரில் சர்க்கரை குறைத்துக் கேட்டால், "தொண்டைக்காம்!" என்று ஜெயசீலி அமிர்தநாதனிடம் பல்லைக் கடித்தாள். வடாலாவில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிற அமிர்தநாதன் வீட்டுச் சண்டைகளில் காது கேளாதவர்.

"ஒங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"என்னத்தத் தோணணும்? வெள்ளக்காரன் கத. ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துருவானுவ."

மறக்கவில்லை. அதுதான் ஜெயசீலிக்குப் புதிராக இருந்தது. சந்தில் பெண்பிள்ளைகள் கப்பல் விளையாட்டு விளையாடினார்கள். பையன்கள் இன்ஜின் துடைத்தார்கள், பெண்பிள்ளைகள் உத்தரவு போட்டார்கள். தெருவாரி ஜெபக் கூட்டமான அன்பியத்தில் ஒருநாள் அதன் தலைவர், இந்த ராக்கெட் படங்களால் பிள்ளைகளுக்குப் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை என்று பேச்செடுத்தார். பக்கத்து வீட்டு இசக்கிசெல்வி சும்மா வேடிக்கை பார்க்க வாசலில் நின்றவள், உள்ளே தலையை நீட்டினாள்.

"ஏன் அண்ணாச்சி, மத்த சீரியல்ல மாமியா மருமவளுக்கு வெசம் வைக்கா, மருமவ மாமியாளுக்கு வைக்கா. அதப் பாக்கலாமோ? இதுல ஒருத்தியாவது ஒக்காந்து அழுதாளா? எல்லாவளும் வேலைல்லா பாக்கா!"

"அதுக்கில்லம்மா. நடக்காத கதைய..."

"நடக்காத கதையா?" என்று கேட்டது ஜெயசீலி. கேட்ட பிறகுதான், எதிர்க்கட்சிக்குப் பேசிவிட்டோமே என்று உறைத்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. "எங்க ஏஞ்சலோகிட்ட ஒன் ஊரு எதுன்னு கேளுங்க. முழிப்பான். கப்பல்ல ஒரு புள்ள அப்பிடித்தான் முழிக்கி. 'நான் எங்கருந்தும் வரல, எங்கயும் போய்ச் சேரமாட்டேன், அப்பம் நான் யாரு'ன்னு கேக்கி. கேப்டன் சொல்லுதா: 'நீ வழிக்காரி. வழிதான் உன் ஊர்.' எங்கவீட்டுப் பய அத மூணு வாட்டி திருப்பிப் போட்டுக் கேட்டான் அண்ணாச்சி. நான் சொல்லி எதையாவது அவன் ஒரு வாட்டி கேட்டிருப்பானா?"

தலைவர் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். ஜெயசீலிக்கோ வாயெல்லாம் கசந்தது. அந்த வரியையும் ஷைனிக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தது அவள். மகன் கேட்டது சித்தியின் குரலில்.

கோயில் திருவிழாவில் இளைஞர் குழு ஷைனிக்குப் பொன்னாடை போட்டது. ஜெயசீலி முன்வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். ஷைனி ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். ரெனால்டுக்குச் சொன்னாள். டப்பிங் இயக்குநர் வந்தனா மேடத்துக்குச் சொன்னாள். பங்குத்தந்தைக்கு, இளைஞர் குழுவுக்கு, ஏன், கால் சென்டர் மேனேஜருக்குக்கூடச் சொன்னாள். பிறகு கீழே இறங்கிவிட்டாள்.

மறுநாள் வசனக் காகிதத்தோடு ஏணியிறங்கி வந்தபோது ஜெயசீலி மிஷினை நிறுத்தவில்லை. "கண்ணு வலிக்கி."

"அரே, என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. பொன்னாட போட்டவிய யாரையாச்சும் வாசிக்கச் சொல்லு."

ஷைனி அசட்டுச் சிரிப்பு சிரித்தாள். நிஜமாகவே மறந்திருந்தாள் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. ஜெயசீலிக்கு அதுதான் இன்னும் கோபம். வேண்டுமென்று விட்டிருந்தாலாவது நம்மை நினைத்திருக்கிறாள் என்று ஆகும்.

"அக்கா, கேளுங்க. அடுத்த எபிசோட்ல கீழ்த்தளத்து சனங்களுக்குத் தண்ணிய நிறுத்திருதாங்க. அவங்களுக்குத் தலைவி ஒருத்தி வாரா, நடு வயசு. பெரிய ரோல். மேடம் ஆள் தேடுதாங்க. கும்பலாக் கத்தவும் லேடீஸ் வேணுமாம். நான் உங்களச் சொல்லிருக்கேன்."

மிஷின் நின்றது.

அன்றிலிருந்து ஜெயசீலி குளிர்ந்த தண்ணீர் குடிக்கவில்லை. தேநீரில் சர்க்கரையைக் குறைத்தாள். தலைவியின் வசனங்களைப் புரட்டிப் புரட்டிப் படித்து மனப்பாடம் ஆக்கினாள். அந்த வேடம் தனக்குக் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை வாசலில் சனம் எந்தப் பக்கம் திரும்பும் என்று துணி தைக்கும்போதெல்லாம் மனசுக்குள் பார்த்துக்கொண்டாள். கிடைக்காவிட்டால் என்ன என்று அவள் யோசிக்கவில்லை. பல வருஷமாக மைக் முன்னால் நின்றவளுக்கு ஏன் கிடைக்காமல் போகும்?

செம்பூரில் அந்த ஸ்டுடியோ ஒரு பழைய கட்டிடத்தின் முதல் மாடி. ஜெயசீலி, இசக்கிசெல்வி, தையல்காரி கிளாரா, அன்பியத்துப் பெண்கள் இன்னும் சிலர் என்று ஒரு பட்டாளமே ஷைனியின் பின்னால் படியேறியது. வந்தனா மாட்டுங்காக்காரி; மூக்குக் கண்ணாடியும் பருத்திப் புடவையுமாக, "வாங்கோ, செருப்பை வெளில விட்டுடுங்கோ" என்று உள்ளே கூப்பிட்டாள். ஓரத்து நாற்காலியில் முத்துத் தோட்டோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மீனாட்சியம்மாள். மாட்டுங்கா நாடகக் குழுக்களில் ரொம்ப காலம் நடித்தவளாம். அவளும் தலைவிக்குத்தான் வந்திருந்தாள்.

ஜெயசீலி முதலில் போனாள். இருட்டு அறை, எதிரே திரை, மூஞ்சிக்கு நேராக மைக். திரையில் அந்தப் பெண் வாய் திறந்தாள். ஜெயசீலியும் திறந்தாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. ஆனால் திரையில் இருந்தவள் வாயை மூடிய பிறகும் ஜெயசீலி பேசிக்கொண்டிருந்தாள். மறுபடி. மறுபடியும்.

"நன்னா வாசிக்கறேள்" என்றாள் வந்தனா, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. "ஸ்பஷ்டமா இருக்கு. ஆனா வாசிப்பாவே இருக்கே. இவ கோபத்துல இருக்கா. நீங்க பிரசங்கம் கேட்ட மாதிரி சாந்தமா இருக்கேள்."

கண்ணாடிக்குப் பின்னால் ஷைனி கையை ஆட்டி, குரலைத் தாழ்த்து என்று ஜாடை காட்டினாள். தான் சொல்லிக்கொடுத்த பாடத்தையே அவள் தனக்குக் காட்டுகிறாள்! ஜெயசீலிக்குக் காது மடல் வரை சுட்டது. அடுத்தமுறை முதல் வார்த்தையிலேயே தடுக்கினாள்.

மீனாட்சியம்மாள் போய் ஒரே மூச்சில் பேசிவிட்டு வந்து, முந்தானையால் கழுத்தை ஒற்றிக்கொண்டாள். வேடம் அவளுக்கு.

"நீங்க கும்பல்ல இருங்கோ, என்ன?" என்றாள் வந்தனா ஜெயசீலியிடம். அன்பாகத்தான் சொன்னாள்.

பெண்கள் எல்லாரும் மைக்கைச் சுற்றி நின்றார்கள். முதல் காட்சி, குழாயில் தண்ணீர் நின்றுபோனதைக் கண்டு கீழ்த்தளத்துச் சனங்கள் பயப்படுவது. "வார்த்தை தெளிவாக் கேக்க வேண்டாம். பயத்துல வாய்க்குள்ள ஏதாவது முணுமுணுங்கோ. தேனீக் கூட்டம் மாதிரி இருந்தாப் போறும்."

விளக்கு சிவந்தது. முணுமுணுத்தார்கள். அக்டோபர் மாதம், தினமும் சாயங்காலம் ஒவ்வொரு வீடாகப் போய் ஜெபமாலை சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போன மாதம். பயப்படு, வாய்க்குள் முணுமுணு என்றால் அந்த வாய்களுக்கு வேறு எது தெரியும்? ஜெயசீலி தன்னையறியாமல் முன்பாதியை எடுத்தாள். மற்றவர்கள் பின்பாதியைப் பிடித்தார்கள். அருள் நிறைந்த மரியே அந்தக் கப்பலின் இருட்டுத் தளமெல்லாம் அலையலையாக ஓடியது.

"ஆஹா, அலை மாதிரி வரதே!" என்றாள் வந்தனா. பிறகு, "இருங்கோ. பாதிப் பேர் நிறுத்தறச்சே பாதிப் பேர் ஆரம்பிக்கறேள். அடடா, ஜெபமாலைன்னா இது! கான்வென்ட்ல படிச்சவளாக்கும் நான். அந்தக் கப்பல்ல கோயிலே கிடையாதும்மா!"

"பயம்னு சொன்னீய. பயந்தா அதாம் வருது" என்றாள் இசக்கிசெல்வி.

கிளாரா அவள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, ஒனக்கு எப்பம்ட்டி ஜெபமாலை பாடமாச்சு?"

"அக்டோபர்ல நீங்க போடுத சத்தத்துக்கு எங்க வீட்டுப் பூனைக்கே பாடம்."

எல்லாரும் சிரித்தார்கள், ஜெயசீலியைத் தவிர. அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஷைனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

முணுமுணுப்பை வேறு மாதிரி எடுத்து முடித்தார்கள். அடுத்தது கோபம். கேப்டன் மேல்தளத்திலிருந்து படியில் இறங்கி வந்து நிற்கிறாள். சனங்கள் அவள் மேல் பாய்கிறார்கள். "இதுக்கு வசனமே கிடையாது. உங்க சந்துல தண்ணி வராதபோது எப்படிச் சண்டை போடுவேளோ அப்படி. யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டாம்."

திரையில் கேப்டனின் முகம் பெரிதாக வந்தது. அந்த வாய் திறந்தால் ஷைனி. பக்கத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதும் ஷைனி. எல்லாரும் கத்தத் தொடங்கினார்கள். கூச்சலுக்கு மேலாக ஒரு குரல் எழுந்தது.

"மேல ஏறி நின்னுக்கிட்டா கீழ கெடக்கவ கண்ணுக்குத் தெரியமாட்டாளோ? யாரு குடுத்த வாய்ட்டி ஒனக்கு? நான் குடுத்தது! எங்கிட்ட வாங்கிட்டுப் போயி ஊருக்கெல்லாம் வாரி விடுத, எம்பேரச் சொல்ல மட்டும் நாக்கு சுருண்டுட்டோ? எவ்வளவு காலமா இந்த வரிசையில நிக்கேன்னு தெரியுமா ஒனக்கு? நேத்து வந்தவ நீ!"

மற்றவர்கள் எப்போது வாயை மூடினார்கள் என்று ஜெயசீலிக்குத் தெரியாது. கேப்டனின் முகம் திரையிலிருந்து போய், விளக்கும் அணைந்துவிட்டிருந்தது. கிளாரா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இது" என்றாள் வந்தனா. "இதுதான். இதைத் தொடமாட்டேன், அப்படியே வெச்சுக்கப் போறேன்."

ஷைனி கண்ணாடிக்குப் பின்னால் சிரிக்கவில்லை.

இப்போது கேப்டன் பதில் சொல்லவேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசுவதுதான் அங்கே முறை. ஆனால் சனங்களின் கூச்சலைக் காதில் கேட்டுக்கொண்டே பதில் சொன்னால்தான் உயிர் இருக்கும் என்று வந்தனா நினைத்தாள். ஷைனி உள்ளே போய் ஹெட்போனை மாட்டினாள். ஜெயசீலியின் குரல் அவள் இரண்டு காதுக்குள்ளும் ஓடியது. வசனம் சின்னதுதான்: 'நீங்கள் கேட்பது நியாயம். என் பங்குத் தண்ணீரை முதலில் நிறுத்துங்கள். இது உத்தரவு.'

சொன்னாள். குரல் உடைந்தது. மறுபடி சொன்னாள், கெஞ்சலாக வந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காகிதத்தைப் பார்த்தாள். "மேடம், எனக்கு வரல. ஏக்தம், சுத்தமா வரல."

ஓரத்து நாற்காலியில் முத்துத் தோடு ஆடியது. "வந்தனா, நாழியாறதே. நேக்கு ரெண்டு குரலும் வரும். கேப்டனையும் நானே பேசிடறேனே? இந்த ஒரு எபிசோட் பாரு. பிடிச்சா அப்புறமும் பண்ணிக்கலாம்."

வந்தனா உடனே மறுக்கவில்லை. கையில் பேனாவைச் சுழற்றினாள்.

"ஷைனிக்கு யார் வீட்டுல சொல்லிக்கொடுக்கறா? நீங்கதானே?" என்று ஜெயசீலியைக் கேட்டாள். "உள்ள போங்கோ. பக்கத்துல நின்னுண்டு ஒரு தடவை சொல்லிப் பாருங்கோ."

ஜெயசீலி உள்ளே போனாள். ஷைனி முகத்தைத் தூக்கவில்லை, காகிதத்தை நீட்டினாள். ஜெயசீலி வாங்கி, கோயிலில் வாசிக்கிற திருமுக வாசகம் மாதிரி, சுத்தமாக, தட்டையாக வாசித்தாள். வேண்டுமென்றேதான். ஷைனி அப்படியே திருப்பிச் சொன்னாள். கேப்டன் மரப்பொம்மை மாதிரி நின்றாள். கொஞ்ச நேரம் அந்தக் காட்சி ஜெயசீலிக்கு இனித்தது. இன்னொரு தடவை இப்படிச் சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை வாசலில் கேப்டன் என்று யாரும் இருக்கமாட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீனாட்சியம்மாள் எழுந்து, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். தயாராகிவிட்டாள். ஜெயசீலி ஊட்டி வளர்த்த அந்த வாயில், அவள் தாழ்த்திய குரலில், இனிமேல் அந்த அம்மாள் உட்காரப் போகிறாள்.

"ஏட்டி, இங்க பாரு" என்றாள் ஜெயசீலி, பல்லிடுக்கில். "நான் திட்டினேன். திட்டத்தான் செய்வேன். நீ தப்புப் பண்ணிருக்க. இந்தக் கேப்டனும் தப்புப் பண்ணிட்டுத்தான் நிக்கா. ஆனா அழல பாரு. தப்புன்னு தெரிஞ்ச பொறவும் நிமிந்து நிக்கா. ஏன்னா கப்பல் ஓடணும். மன்னிப்புக் கேக்காத. தண்ணிய மட்டும் குடு." பிறகு, குரலைத் தாழ்த்தி, அந்த வரியைச் சொன்னாள்.

ஷைனி ஜெயசீலியைப் பார்த்துக்கொண்டே, திரையைப் பார்க்காமல், சொன்னாள். கேப்டனின் உதட்டோடு அது தானாகப் பொருந்தியது. மீனாட்சியம்மாள் உட்கார்ந்தாள்.

"அவ்வளவுதான்" என்றாள் வந்தனா. "இனிமே நீங்க இல்லாம இவளை உள்ளே விடப்போறதில்லை. ஒவ்வொரு தடவையும் கூட வந்துடுங்கோ. உள்ளே இன்னொரு நாற்காலி போடச் சொல்றேன். பேர் போடறச்சே உங்க பேரையும் போடணும், ஷைனி பேருக்குப் பக்கத்துலயே."

மற்ற பெண்கள் முந்தின பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். ஷைனியும் ஜெயசீலியும் ஸ்டாப்பில் நின்றார்கள்.

"அக்கா, அது என்னையத்தான சொன்னீங்க?"

"ஒன்னத்தான்."

ஷைனி தலையை ஆட்டிக்கொண்டாள். "தப்புதான் அக்கா. அன்னைக்கு ஸ்டேஜ்ல... மதலப், அதாவது, டென்ஷன்ல மறந்துட்டேன்."

"சரி."

ஷைனி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"ஆனா ஒவ்வொரு தடவையும் நீங்க வரணும்னு இல்லக்கா. உங்களுக்குத் தையல் வேலை இருக்கு. நான் வீட்டுலயே கேட்டுக்கிடுதேனே."

"தையல் கெடக்கு."

"இல்ல, மேடம் அப்படித்தான், எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க. பேரு பக்கத்துலன்னு சொன்னது... அது வாய்ஸ் குடுக்கவங்க பேரு மட்டும்தான் வரும். ரூல் அது."

ஜெயசீலி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்கு நுனி சிவந்திருந்தது. சிரிக்கப் பார்க்கிறாள், கன்னம் ஒத்துழைக்கவில்லை. அந்த முகத்தை ஜெயசீலிக்கு நன்றாகத் தெரியும். எந்த இடத்தில் எரியும், எப்போது கூடும், என்ன குடித்தாலும் ஏன் இறங்காது என்பது உள்பட. பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. அதற்கு அடுத்த நொடி, வெகுநாளாகக் காணாத ஒரு சுகம் நெஞ்சுக்குக் கீழே பரவியது.

"வருவேன்" என்றாள். "எல்லாத் தடவையும் வருவேன்."

பஸ் வந்தது. ஜெயசீலி முதலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.